தொட்டியைத் திறந்துவிட்டவர்

நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்தவர் அவர். காக்கிச் சட்டை, காதுக்குக் கீழே இறங்கிய கிருதா, கையில் டார்ச். குளியலறைச் சுவரைக் கட்டைவிரலால் தேய்த்து, ஒட்டிய பாசியை முகர்ந்து பார்ப்பார். காசு பிடுங்கத்தான் வருகிறான் என்று முதல் நாளே எனக்குச் சந்தேகம்.

நாகல் நகரில் தண்ணீருக்குப் பஞ்சம். அதனால் குளியல் தொட்டியை யாரும் காலி செய்து கழுவ மாட்டோம். பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுவோம். மறுநாள் என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, தெருக்குழாயில் சண்டை போட்டு நிரப்பி வைத்திருந்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே தொட்டியின் அடித்துளையில் செருகியிருந்த அடைப்புத் துணியை உருவிவிட்டார்.

“அடப்பாவி! அம்புட்டுத் தண்ணியும் போச்சே!”

“புழு நெளியுதும்மா. தேச்சுக் கழுவிட்டு ஊத்துங்க.”

“எளச்சவ வீட்டுலதான் ஒனக்குப் புழு தெரியும். எதுத்த மாடி வீட்டுல தொறந்துவிடுவியா? அவுக கவுன்சிலராச்சே!”

“வாங்க, வந்து பாருங்க.”

போனேன். அங்கே அவர் டார்ச்சை எடுக்கவே இல்லை. நேராகப் போய்த் துணியை உருவினார். கவுன்சிலர் தலையில் எண்ணெயோடு நின்று கத்தினார். நான் வீட்டுக்கு வந்து, திட்டிக்கொண்டே தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் குடம் சுமந்தேன்.

அதன் பிறகு அந்தக் காக்கிச் சட்டைக்காரர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவன் வாசலிலேயே நின்று, “எல்லாம் சுத்தந்தானே?” என்று கேட்டுவிட்டுப் போனான். மாடி வீட்டுத் தொட்டியில் புழு இருந்ததா, நான் கேட்ட கேள்விக்காகவே அந்த மனுஷன் திறந்துவிட்டாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.