கரண்டிமூக்கு உள்ளான்

என் தாய்மாமா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன சமயத்தில், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு துரையிடம் பைனாகுலர் ஒன்றை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் கழுவெளி ஏரிக்கரைதான். ஊரில் உள்ளான் குருவி என்றால் எல்லோரும் குழம்பை நினைப்பார்கள். மாமா ஒருவர்தான் அதன் கால் என்ன நிறம் என்று கேட்பார். அவருக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பாள் அம்மா.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். பொங்கல் லீவில் திண்டிவனத்திலிருந்து என்னையும் பஸ்ஸில் அழைத்துப் போனார். அதற்கு முன்பெல்லாம் பைனாகுலரைத் தொடவே விடமாட்டார். அன்று கரையில் உட்கார்ந்ததும் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"நீ பாத்துக்கினே சொல்லு பாப்பா. நான் எழுதிக்கிறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேற்றில் குடுகுடுவென்று ஓடிய உள்ளான்களைப் பார்த்து மூக்கின் நீளம், காலின் நிறம் எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஒரு மணி நேரம் போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பசி வேறு.

"போலாம் மாமா."

"கொஞ்சம் இரு கண்ணு. கரண்டி மாதிரி மூக்கு வச்ச சின்ன உள்ளான் ஒண்ணு இருக்குதாம். படத்துலதான் பாத்திருக்கேன். அது மட்டும் ஆப்டுச்சுன்னா ஜல்தியா கிளம்பிடலாம்."

அப்புறம் என்ன? ஐந்தே நிமிஷத்தில் அது என் கண்ணில் பட்டுவிட்டது.

"மாமா! மூக்கு நுனி கரண்டியாட்டம் இருக்குது!"

 பைனாகுலரை வாங்கி, நான் காட்டிய பக்கம் வெகுநேரம் பார்த்தார். "ஆமா... இருக்குது" என்றார். அவருக்கும் என்னைப் போலப் பசி, அதனால்தான் அவரும் பொய் சொல்கிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா அதை மெட்ராஸிலிருந்த ஒரு பறவை நிபுணருக்கு எழுதிவிட்டார். சில நாளில் அவரே வந்து இறங்கி, மாமாவோடு இரண்டு நாள் கழுவெளிச் சேற்றில் அலைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பும் வழியில் இருவரும் எங்கள் வீட்டில் காபி சாப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"உங்க கண்ணாலயே பாத்தீங்களா?" என்று கேட்டார் வந்தவர்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நானேதான் பாத்தேங்க. தப்பா பாத்துட்டேன் போலக்கீது."

"இனிமே நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் எழுதுங்க." கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு மாமா யாருக்கும் எழுதவில்லை. கழுவெளிப் பக்கமே போகவில்லை.

உப்பளத்து வெயில் அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்ததும், அந்தப் பொங்கலுக்கு முன்பே புதுச்சேரி டாக்டர் கைவிரித்துவிட்டதும், அவர் காலமான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கலங்கலாகத் தெரிந்த ஏதோ ஒன்றில் நான் சொன்னதையே அவர் பார்த்திருக்கிறார். அவ்வளவு நம்பியிருக்கிறார் என் கண்ணை.

அன்று கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கோ, மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் புரிந்தது. அந்த நிம்மதியில் வாசலுக்கு ஓடிப்போய்ப் பாண்டி ஆடினேன்.