சக்கரத்துக்குள் குருத்தோலை

இருதயநாதனுக்கு ஐம்பத்தொரு வயது. பாலக்கரையில் வீடு, ஸ்ரீரங்கத்தில் டாக்ஸி ஸ்டாண்ட். ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக நிற்கும் வெள்ளைக் கார்களில் மூன்றாவது அவருடையது. முன் கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கும். செத்துப்போன அப்பா தன் கையால் கோத்தது. அதற்காக ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாரும் அவர் காரில் ஏறத் தயங்கியதில்லை. மாமாக்களும் மாமிகளும் நிம்மதியாகப் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட மனிதரை நான்கு சக்கரங்கள் ஆட்டிவைத்துவிட்டன.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பெலிண்டா பிறந்தநாளுக்கு அலாய் வீல் வாங்கிக் கொடுத்தாள். பளபளவென்று, விரித்த விசிறிபோல இருக்கும். கடையிலேயே நின்று மாட்டிக்கொண்டு, பழைய இரும்புச் சக்கரங்களை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் அது. வருஷா வருஷம் மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் குருத்தோலையில் அவர் மனைவி லிசி சின்னச் சிலுவை ஒன்று மடித்துக் கொடுப்பாள். டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தின் மூடிக்குள் அதைச் செருகிவைப்பது இருதயநாதனின் இருபத்தெட்டு வருஷ வழக்கம். கண்ணாடியில் தொங்கவிட்டால் மேலே இருப்பவருக்குத் தெரியும், சக்கரத்தில் வைத்தால் ரோட்டுக்கும் தெரியும் என்பார். அந்த வருஷமும் ஓலையை வைக்காமல் விடவில்லை.

இரண்டாவது வாரம் வடக்கு உத்தர வீதியிலிருந்து ஒரு வயதான தம்பதியை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். பைபாஸில் வேகம் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. இறுக்கிப் பிடித்தார். இறுக்கப் பிடிக்க, உதறல் முழங்கை வரை ஏறியது. பக்கத்து சீட்டில் இருந்த மாமா அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன நாதன், கை இப்படி நடுங்கறதே? உடம்பு சரியில்லையோ?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். மாமி பின்னாலிருந்து ரங்கா ரங்கா என்று சொல்லத் தொடங்கினாள். அன்று பின் சீட்டில் யாரும் தூங்கவில்லை.

திருவானைக்காவலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்துல் அஹதிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். அஹதுக்கு நாற்பது வயது, கெட்டிக்காரர், பேச்சு குறைவு. அலைன்மென்ட் பார்த்தார், சரியாக இருந்தது. சக்கரங்களைக் கழற்றி பேலன்சிங் பார்த்தார், அதுவும் சரி. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். சக்கரத்தில் கோளாறு இருந்தால் உதறலும் அதோடு பின்னால் போக வேண்டும் அல்லவா? இருதயநாதன் பைபாஸில் ஓட்டிப் பார்த்தார், போகவில்லை. அப்படியென்றால் சக்கரத்தில் குற்றமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு உருப்படிகளைப் புதிதாக மாற்றினார். காவிரிப் பாலம் வரை தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்த நெரிசலில் நாற்பதுக்கு மேல் யாரால் போக முடியும்? ஆனால் இருதயநாதனுக்கு அது தோன்றவில்லை. அஹத் கையில் உதறாத வண்டி தன் கையில் உதறுகிறது என்பது மட்டுமே மண்டைக்குள் நின்றது.

அப்புறம் அஹத் தயங்கித் தயங்கி, சர்க்கரை இருக்கிறதா, நரம்பு டாக்டரை ஒருமுறை பார்க்கலாமே என்று கேட்டார். இருதயநாதன் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு அவர் ஏன் அவ்வளவு பயந்தார் என்பதற்கு முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும். அவர் அப்பா சவரிமுத்து திருச்சி–குளித்தலை தனியார் பஸ்ஸில் டிரைவர். மகன் அதே பஸ்ஸில் கண்டக்டர். ஒரு மழைக்காலத்தில், முன் சக்கரம் மாற்றியதிலிருந்து வண்டி ஆடுகிறது என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். முதலாளி நம்பவில்லை. மகனைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கப்பாவுக்குக் கை நடுங்குகிறதா, உண்மையைச் சொல் என்று கேட்டார். இருதயநாதன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். ஸ்டியரிங்கில் அப்பாவின் இரண்டு கையும் நடுங்குவதைத் தினமும் பார்த்தவர் அவர்தானே. ஆமாங்க என்றார். மறுநாள் வேறு டிரைவர் வந்தார். சவரிமுத்து அதன் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. பதினாறு வருஷம் மாதா கோயில் வாசலில் உட்கார்ந்து ஜெபமாலை கோத்து விற்றுவிட்டுக் கண்ணை மூடினார். மகனிடம் ஒரு வார்த்தை கோபித்ததில்லை. அறுபது உயிர் ஏறும் பஸ், சொன்னது நியாயம்தான் என்று மகனும் நம்பினார்.

இப்போது அந்த நியாயம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அப்பாவின் வியாதி தனக்கு வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். காலையில் எழுந்ததும் கையை நீட்டிப் பார்ப்பார். அப்படி உற்றுப் பார்த்தால் யார் கைதான் நடுங்காது? நிறையக் காப்பி ஊற்றிய டம்ளரைத் தூக்கிப் பார்ப்பார். லிசி பார்த்துவிட்டால் கீழே வைத்துவிடுவார். டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். டாக்டர் அதை வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி வண்டியைத் தொடுவது என்று போக மறுத்தார். வெளியூர் சவாரிகளை அடுத்த காருக்குத் தள்ளிவிட்டார். ஸ்ரீரங்கத்துக்குள்ளேயே கோயிலுக்கும் ஸ்டேஷனுக்கும் இருபதில் உருட்டினார். ஆட்டுக்குட்டிக் கதையை அவர் சொல்லி ஒரு மாதமாகிவிட்டது என்பதை ஸ்டாண்டே கவனித்தது. யாரும் கேட்கவில்லை.

பெலிண்டா போனில் வீல் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது ராஜா மாதிரி இருக்கிறது என்றார். போனை வைத்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை அஹதிடம் போய், வண்டியை வாங்க ஆள் பார்க்கச் சொன்னார்.

"ஏன் அண்ணே?"

"கை போயிடுச்சு பாய். யாரையாவது சாகடிக்கிறதுக்கு முன்னாடி எறங்கிடுறேன்."

அஹத் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியைக் கேட்டார். விற்கிற வண்டியை ஒருமுறை ரோட்டில் விரட்டிப் பார்க்காமல் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றார். இருவரும் பாலம் தாண்டி, கரூர் ரோட்டில் மேற்கே போனார்கள். இருதயநாதன் தன் காரிலேயே இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். குடமுருட்டி தாண்டியது, முத்தரசநல்லூர் தாண்டியது. ஜீயபுரத்துக்கு முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. அஹத் அழுத்தினார். அறுபது, எழுபது, எழுபத்தைந்து.

அஹதின் இரண்டு கையும் நடுங்கின.

வாழைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு அஹத் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை மன்னிச்சுருங்க அண்ணே, வண்டிதான்" என்றார். இறங்கி, ஜாக்கி வைத்து, டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினார். அப்புறம் கையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

சக்கரம் பொருந்தும் இரும்புத் தட்டில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு, குருத்தோலைச் சிலுவை இருந்தது. அலாய் வீலுக்குப் பழைய சக்கரம்போல் முழு மூடி கிடையாது. எங்கே வைப்பது என்று தெரியாமல், மாட்டுகிற அன்று இருதயநாதன்தான் அதை அங்கே ஒட்டினார். ஓலை மடிப்பு மடிப்பாக இருந்ததால் சக்கரம் தட்டில் ஒட்டி உட்காரவில்லை. ஒரு பக்கம் மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது. எந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்து அங்கே மாட்டினாலும் அப்படித்தான் நிற்கும்.

"நான் ரெண்டு தடவை பாத்தேன் அண்ணே," என்றார் அஹத். "உங்க கோயில் சமாச்சாரம். நான் கை வைக்கக் கூடாதுன்னு அப்படியே மாட்டிட்டேன். இப்பவும் நீங்களே எடுங்க."

மரியாதை என்று ஒருவர் வைத்ததும் மற்றவர் தொடாமல் விட்டதும்தான் இரண்டு மாதம் அவர் உயிரை எடுத்திருக்கிறது. இருதயநாதன் சிலுவையை நகத்தால் மெல்லப் பெயர்த்தார். கறுத்து, அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. முத்தமிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அஹத் தட்டைத் துடைத்துச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முறுக்கிவிட்டு, நீங்க ஓட்டுங்க என்றார்.

ஓட்டினார். எழுபது. எண்பது. ஸ்டியரிங் அசையவில்லை. கையும் அசையவில்லை. அதுவரை ஆடிக்கொண்டே வந்த ஜெபமாலை கண்ணாடிக்குக் கீழே நேராகத் தொங்கியது. அஹத் சிரித்துக்கொண்டே, எப்படி அண்ணே என்று கேட்டார்.

சிரிக்கத்தான் இருதயநாதனும் வாயெடுத்தார். கண் ஜெபமாலையில் நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று மணி. ஒவ்வொரு மணிக்கும் ஊசி முனை அளவு ஓட்டை. அதில் முடி மாதிரிக் கம்பியை நுழைத்து, வளைத்து, அடுத்த மணியோடு பிணைக்க வேண்டும். அப்பா பதினாறு வருஷம் நாளுக்கு நான்கு மாலை கோத்தார். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். கம்பி ஒருமுறைகூட ஓட்டை தவறியதில்லை.

அந்தக் கை ஸ்டியரிங்கைத் தவிர வேறெங்கும் நடுங்கி அவர் பார்த்ததே இல்லை.

ஜீயபுரம் பஸ் ஸ்டாப்பில் வண்டி தானாக ஓரம் கட்டியதுபோல் நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் விசில் கொடுத்து அப்பாவின் பஸ்ஸை நிறுத்திய இடம்.

"என்ன அண்ணே, மறுபடியும் உதறுதா?"

"இல்ல பாய்." கையை நீட்டி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவும் வண்டிதான் ஆடுதுன்னு சொன்னாரு. சக்கரத்தைக் கழட்டிப் பாக்கச் சொல்லி ஒரு வார்த்தை நான் சொல்லலை."