மெத்தைக்கடை பாயின் விமானம்

"தோள் நுழையுது. முட்டி மடங்குது. பாதம்தான்யா மாட்டுது" என்றது அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஃபிரிட்ஜ் வந்த பெட்டி அது. மெத்தைக்கடை பாய் கிழிந்த படுதா ஒன்றை விரித்து, அதன்மேல் பெட்டியை மல்லாத்திப் போட்டு, மேல்பக்கத்தை அறுத்து எடுத்திருந்தார். கால்மாட்டில் மேசை விசிறி வந்த சின்னப் பெட்டியைச் செருகியிருந்தார். அந்தப் பொந்துக்குள் இரண்டு பாதங்களையும் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார் பக்கீர் முகம்மது. அருகில் இலவம்பஞ்சை உறைக்குள் அடைத்துக்கொண்டிருந்த மருதையன் எட்டிப் பார்த்தார்.

"ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க பாய். மல்லாக்கப் படுத்தா எல்லாம் சுகமாத்தான் இருக்கும்."

பாய் புரண்டார். பெட்டியும் கூடவே புரண்டது.

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் 'ஃபஹ்மிதா மெத்தைக் கடை' என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். பேராவூரணியிலிருந்து வரும் தேங்காய்நார் மெத்தையும் மருதையன் தைக்கும் பஞ்சு மெத்தையும் அங்கே கிடைக்கும். வாங்க வருகிறவரிடம் பக்கீர் முகம்மது விலை பேசமாட்டார். "அது கெடக்கட்டும். ராத்திரி எந்தப் பக்கமாப் படுப்பீங்க?" என்பார். மகள் கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்த தகப்பன்மார் இந்தக் கேள்விக்குக் கூசிப்போவார்கள். படுத்துப் பார்க்காத மெத்தையை அவர் விற்றதில்லை. கடைத்தெருவைப் பார்த்தபடி படுக்க ஜனங்களுக்கு வெட்கம் என்பதால் குறுக்கே ஒரு பூப்போட்ட திரை தொங்கும். அறுவடை அலுப்போடு வந்தவர்கள் திரைக்குப் பின்னால் படுத்து, அப்படியே குறட்டை விட்டதும் உண்டு. எழுப்பமாட்டார். "தூங்கிட்டாருல்ல, யாவாரம் முடிஞ்சுபோச்சு" என்று ரசீதை எடுத்துவிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தக் கடையில் எல்லா மெத்தையும் தெற்கே தலைவைத்துத்தான் கிடக்கும். வடக்கே தலைவைத்தால் மலர்க்கொடி டீச்சர் மாதிரியான வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். கிழக்கே தலைவைத்தால் கால் மேற்கே, மக்கா இருக்கும் திசையில் நீளும். அதற்கு அவர் மனசு ஒப்பாது. அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டவர்களிடம், "சட்டம் தெரியாது. எங்கத்தா நீட்டுனதில்ல, நானும் நீட்டுனதில்ல" என்று தகப்பனாரைச் சாட்சிக்கு இழுப்பார். தெற்குதான் ரெண்டு பேருக்கும் தகராறில்லாத திசை.

இப்படிப்பட்டவரைத்தான் மருமகன் ஷஹ்பாஸ் விமானத்தில் படுக்கை தேடச் சொல்லிவிட்டான்.

கனடாவில் இருக்கும் மகள் ஃபஹ்மிதாவுக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்குப் போனபோது பாயின் மனைவி ஹலீமா அத்தனை தூரமும் உட்கார்ந்தே போனாள். கால் வீங்கி, செருப்பு ஏறாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் வெறுங்காலோடு இறங்கினாள். ஊர் திரும்பியதும் ஒரே பேச்சு: "இனிமே என்னைய ஏரோப்ளேன்ல ஏத்தணும்னா சந்தூக்குல வச்சுத்தான் ஏத்தணும்." மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கிப் போகும் பெட்டியைச் சொன்னாள். மகள் ஃபோனில் அழுதும் அந்தப் பேச்சு மாறவில்லை. "பிஸினஸ் கிளாஸே போட்டுடறேன் மாமா. மூணு விமானக் கம்பெனி விவரம் அனுப்பியிருக்கேன். மாமிக்கு எதுல தூக்கம் வரும்னு அடுத்த வாரம் இதே நாள் மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க" என்றான் ஷஹ்பாஸ்.

அந்தக் கெடு நாளும் வந்துவிட்டது. ஒரு வாரமாக பாய் யூடியூபில்தான் குடியிருந்தார். சீட்டுகளைப் பற்றிப் பேசும் வெள்ளைக்காரப் பையன்கள்மேல் அவருக்கு மகா கோபம். "தின்னதையே காட்டுறான்யா. சூப்பைக் காட்டுறான், கரண்டியைக் காட்டுறான். திரும்பிப் படுத்துக் காட்டுறானா பாரு!" படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் மருதையனுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. "அந்தத் தையல் இடுப்புக்கு நேரா வருது பாய். ராவெல்லாம் உறுத்தும்" என்றார்.

முதல் கம்பெனி பஸ் மாதிரி இரண்டிரண்டு சீட்டு. படுக்கை அகலம், ஆனால் ஜன்னலோரம் படுப்பவர் எழுந்தால் பக்கத்து ஆளைத் தாண்டவேண்டும். "ராத்திரி எந்திரிக்கிறப்பல்லாம் என் முட்டியில ஏறுவா." தள்ளுபடி. இரண்டாவது, ஆளுக்கொரு அறை மாதிரி, கதவோடு. கதவைச் சாத்தினால் அவள் அங்கே, இவர் இங்கே. "அதெப்புடிய்யா? என்னையத் திட்டாம அவளுக்குத் தூக்கமே வராதே!" அதுவும் தள்ளுபடி.

மூன்றாவதில் நடுவில் ஜோடியாக இரண்டு படுக்கை. இடையில் இருக்கும் தடுப்பை இறக்கிக்கொள்ளலாம். கால் பொந்து சின்னதுதான். ஆனால் அந்த சீட்டுகள் வால்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. பாய் எழுந்தே நின்றுவிட்டார். "விமானம் மேக்கால போவுது. நம்ம தலை முன்னாடி, காலு கெழக்க! நமக்குன்னே செஞ்சிருக்கான்யா!" அந்த சீட்டைத்தான் மேற்கே தலையும் கிழக்கே காலுமாகப் பெட்டியில் கட்டியிருந்தார்.

மதியச் சாப்பாட்டோடு ஹலீமா வந்தாள். திரையை விலக்கினாள். பெட்டியையும் உள்ளே கிடந்த புருஷனையும் பார்த்தாள்.

"பேச்சுக்குச் சொன்னா, சந்தூக்கைச் செஞ்சே வச்சுட்டீங்களா?"

பாய் எழுந்து உட்கார்ந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு, விமானத்தை விளக்கினார். தடுப்பு, பொந்து, கிழக்கே நீளும் கால். அவள் சாப்பாட்டுக் கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. வளைகுடாவுல இறங்கி வேற விமானம் மாறுறோமே, அது எந்தப் பக்கம் போவும்?"

"வடமேக்கால."

"அப்போ மக்கா எங்க இருக்கும்? பின்னாடிதானே? உங்க காலு எங்க நீளும்?"

பக்கீர் முகம்மது மருதையனைக் கூப்பிட்டார். இருவரும் படுதாவின் முனையைப் பிடித்துப் பெட்டியைத் தரதரவென்று சுற்றினார்கள். இரண்டாவது விமானத்தில் கால் மக்கா பக்கம்; கடையில் அது மேற்கு. கால் பொந்து போய் நேராக மேற்குச் சுவரைப் பார்த்து நின்றது. அதையே வெறித்துக்கொண்டிருந்தார் பாய். மூன்றாவது கம்பெனியும் போயிற்று. மத்தியானமும் ஆயிற்று.

"இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு! பயணத்துல தொழுகையையே சுருக்கிக்கலாம்னு சலுகை இருக்கு. காலுக்கு மட்டும் இல்லாமலா போயிடும்?" என்றாள் ஹலீமா. "மொதல்ல இதுக்குள்ள மனுஷி படுக்க முடியுதான்னு பாருங்க. தள்ளுங்க."

புடவையைச் சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். பாய் அவசரமாக ஒரு நார் மெத்தைத் துண்டை அடியில் தள்ளினார். அவள் ஒருக்களித்தாள். முட்டியை மடக்கினாள். பாதம் பொந்துக்குள் போயிற்று.

"என்ன இது, எலிப் பொந்தாட்டம். எம் மருமவன் காசை இப்படியா கரியாக்கணும்? உங்க புத்தி போற போக்கு இருக்கே… வயசான காலத்துல பெட்டி கட்டி விளையாடிக்கிட்டு… ஒரு தலைகாணியாவது…"

பாய் தலையணையைச் செருகினார். திட்டு தொடர்ந்தது. கொஞ்சம் மெலிந்தது. 'நான் சொன்னா எங்க கேக்குறீங்க' என்பதில் 'எங்க' வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மருதையன் பஞ்சடைப்பதை நிறுத்தினார். பெட்டிக்குள்ளிருந்து சீரான மூச்சுச் சத்தம் கேட்டது.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. பாய் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். "மூணாவதையே போட்டுடுங்க மாப்ள. ஆமா, யாவாரம் முடிஞ்சுபோச்சு."

திரைக்கு வெளியே யாரோ, "பாய், ரெண்டு தலைகாணி வேணும்" என்றார்கள். தலையை மட்டும் நீட்டி, உதட்டில் விரலை வைத்து, சாயங்காலம் வரச்சொல்லிச் சைகை காட்டினார்.

திரும்பி வந்து பெட்டியருகே நின்றார். ஹலீமாவின் முகத்தைப் பார்த்தார். பொந்தைப் பார்த்தார். மேற்குச் சுவரைப் பார்த்தார். பிறகு குனிந்து படுதாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கும்படி மருதையனுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாக, சத்தம் வராமல், அவள் தலை தெற்கே வரும்வரை பெட்டியைத் திருப்பினார்கள்.