ரேகை விழாத கை

வளைகுடாவில், எங்கள் ஃபஹாஹீல் ரூமில் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் நான் அவர் கையைத்தான் பார்ப்பேன். ரத்த உறவு இல்லை. மெக்கானிக், பக்கத்து ஊர்க்காரர், ரூமுக்கே அண்ணன். எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது. கையுறை போட்டால் திருகு பிடிபடாதாம். நான் டிரைவர், எத்தனையோ மெக்கானிக்கைப் பார்த்தவன். ஆனாலும் முரண்டு பிடிக்கிற இஞ்சினுக்குள் அந்தக் கை போய் வருவதை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். தங்கைகளைக் கரையேற்றியது, வீடு கட்டியது, மகளைப் படிக்க வைத்தது எல்லாம் அந்தக் கைதான்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊருக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் அக்காமாவை, அதாவது இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கைரேகை வேண்டும். நான்தான் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். மெஷினில் கையை வைத்தார். விழவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். ம்ஹூம். அங்கிருந்தவன் கையைத் திருப்பிப் பார்த்து, "மாஃபி" என்று உதட்டைப் பிதுக்கினான். ரேகையே இல்லையாம்! பெட்ரோலும் இரும்பும் தேய்த்தே தீர்த்துவிட்டன. கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வரச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உழைத்துத் தேய்ந்த கைக்கு இதுதான் மரியாதையா?

அன்றிலிருந்து அண்ணன் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று ரூமே சட்டம் போட்டது. கராஜில் நின்று வேலை சொன்னால் போதும் என்று முதலாளியும் ஒத்துக்கொண்டார். தினமும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டோம். தட்டைக் கழுவ எழுந்தாலும் பிடுங்கிக்கொள்வேன்.

"ஒரு எடத்துல உக்காரவே மாட்டியளாண்ணே?"

"கை நமநமங்குதுடா. இதுக்கு ஜெயிலே தேவல."

ஒரு வெள்ளிக்கிழமை மதினி வீடியோவில் வந்தார். பந்தல், சமையல் என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அந்தக் கையக் காட்டுங்க." அண்ணன் காட்டினார். நகமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மதினி உடைந்துபோனார். "வேல போயிருச்சா? எங்கிட்ட மறைக்காதிய. கல்யாணத்தத் தள்ளி வச்சுக்குவோம்."

நான் போனை வாங்கி விஷயத்தைச் சொல்லிப் புரிய வைத்தேன். அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை ஆபீசுக்குப் போனபோது ஒவ்வொரு விரலாக ரேகை விழுந்தது. வலது கட்டைவிரல் மட்டும் அடம் பிடித்தது. அந்த ஆளே எழுந்து வந்து அமுக்கிப் பிடித்தான். பச்சை விளக்கு எரிந்தது. "கலாஸ், யல்லா!" முடிந்ததாம், கிளம்பலாமாம்.

வண்டியில் ஏறியதும் அண்ணன் சொன்னார்: "கராஜ்ல எறக்கிவிடு."

"அண்ணே, உங்களக் கும்புடுறேன். கல்யாணத்துக்காவது சுத்தமான கையோட போங்க."

"இந்தக் கையோட போய் நின்னா ஒங்க மதினி பயந்துருவாடா."

நேராகக் கராஜுக்கே விட்டேன். ஊருக்குப் போகிற நாள் வரைக்கும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார்.

கல்யாணத்தை ரூமில் எல்லோரும் போனில் பார்த்தோம். தாரை வார்க்கிற நேரம். மகளின் மருதாணிக் கையை அண்ணன் தாங்கிப் பிடித்திருந்தார். நகக்கண்ணெல்லாம் அதே கருப்பு. "அந்தா பாருங்கடா, அண்ணன் கை!" என்று நான் கத்தியேவிட்டேன். செம்பில் தண்ணீர் வைத்திருந்த மதினி குனிந்து அந்த நகங்களைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தண்ணீரை ஊற்றினார்.