பரணும் செல்வத்தின் பெல்ட்டும்

மரத்தின் மேல் பரண் கட்டித் தருவது என் பிழைப்பு. வேட்டைக்கு இல்லை, அதற்குக் கட்டினால் எனக்குக் காப்பு மாட்டிவிடுவார்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பறவைகளைப் படமெடுக்க வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். வீட்டில் யாரையாவது ஹெல்மெட் போடச் சொல்லித் தினமும் கெஞ்சுகிறவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே கட்சி.

எந்த மரம்?

ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர், தோட்டத்தில் பூத்துக் குலுங்கிய குல்மோஹரில்தான் பரண் வேண்டும் என்றார். அதன் கிளை ஒரு மழைக்கே முறிந்து கார் மேல் விழுவதை அல்சூரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வைரம் பாய்ந்த புளியமரம் நின்றது. அதைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

"ஸ்ட்ராங்கா இருக்கும், ஓகே. ஆனா இன்ஸ்டால போட குல்மோஹர்தானே பாஸ் அழகு?"

பொட்டு வைத்த பெல்ட்

என் கூட்டாளி செல்வம் பாடம் எடுப்பதில் மன்னன். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைப் பரணில் மாட்டக் கூடாது, மரத்தைச் சுற்றிய கயிற்றில்தான் மாட்ட வேண்டும். பரணே விழுந்தாலும் ஆள் விழமாட்டார். கேமராவோடு ஏறக் கூடாது, ஏறி உட்கார்ந்தபின் கயிறு கட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் அழகாகச் சொல்வான். சொல்லிவிட்டு, தான் மட்டும் பெல்ட் இல்லாமல் விறுவிறுவென்று ஏறுவான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவன் ஏறும்போதெல்லாம் நான் கீழே நின்று கெஞ்சுவேன்.

அவனுக்கென்றே புது பெல்ட் வாங்கினேன். ஆயுத பூஜை முடியட்டும் என்றான். முடிந்தது. இரண்டு கால்களையும் நுழைத்துத் தோள் வரை ஏற்றிப் போடுகிற பெல்ட் அது. சந்தனமும் குங்குமமுமாக வண்டியிலேயே தொங்கியது. ஏன்டா என்று கேட்டேன்.

"பொட்டு வெச்சு சாமி கும்பிட்டத, கால் வழியா எப்பிடிண்ணா மாட்றது?"

ஸ்டெல்லா டீச்சர்

காக்ஸ் டவுன் ஸ்டெல்லா டீச்சர் ஓய்வு பெற்றவர். இருவாச்சிப் பறவையைப் படமெடுக்க வந்திருந்தார். பெல்ட்டோடு தயாராக நின்றவர், வெறும் ஆளாக ஏறப் போன செல்வத்தைப் பார்த்தார். "நீ போடலன்னா நானும் ஏறமாட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லை. வண்டியிலிருந்த பெல்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, காலை நுழைத்தான்.

பெல்ட்டின் கொக்கியை மாட்டிய கயிற்றை மரத்தைச் சுற்றி மேலே தள்ளிக்கொண்டே ஏறினான். பாதி உயரத்தில் பாசி வழுக்கியது. கால் இரண்டும் காற்றில். டீச்சர் "யேசப்பா!" என்று கத்திவிட்டார். செல்வம் கயிற்றில் தொங்கினான். விழவில்லை.

ஏணி வைத்து இறக்கினேன். அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர். அவனுக்கோ வேறு கவலை.

"அண்ணா, வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க, இனிமே தெனமும் மாட்டச் சொல்லுவா."

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, ஏறத் தெரியாதவரை மரத்தில் ஏற்றிவிடலாம், ஏறத் தெரிந்தவனுக்கு பெல்ட் மாட்டத்தான் டீச்சர் வேண்டியிருக்கிறது.