இரத்தினபுரியில் ஒரு கையெழுத்து

சிவகாமி அக்கா போய்விட்ட செய்தியை அவிசாவளை பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். எங்கள் இரத்தினபுரி அலுவலகத்தின் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், "நோனா நெத்திவுணா மாத்தயா" என்றார் சிங்களத்தில். அம்மா இல்லாமல் போய்விட்டார், ஐயா. மழையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறிப் போனவர் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், பிறகு எழும்பவில்லை. சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். முந்தின நாள் அக்கா அவரிடம் கொடுத்துவிட்ட குறிப்பு அது. தெஹியோவிட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலிருந்து அக்காவின் அறிக்கைகள் எப்போதும் அந்தப் பையில்தான் வரும். தபாலை அக்கா நம்பியதே இல்லை.

நான் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அலுவலகத்தின் பெயரில் ஒரு மலர்வளையம் வைக்க வேண்டும் என்றேன். "எழுத்தில் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது அந்த மலர்வளையம். இரத்தினபுரியில் பூக்கடை இல்லையா? இருக்கிறது. எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் போதும். அதில் வாங்கும் அதிகாரம்தான் எங்களுக்கு இல்லை. அக்கா உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடிப்போன அந்த வளையத்தைக் கொண்டுவந்த டிரைவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்து, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று இரத்தினபுரியில் கள அலுவலகம் திறந்தபோது அவரைக் கள உத்தியோகத்தராக எடுத்தார்கள். நான் அங்கே கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், படிவங்களை ஒழுங்காக நிரப்புவதே உலகத்தைத் திருத்தும் வழி என்று நம்பியவன். என்னை அவர் கடைசிவரை "கிளாக்கரய்யா" என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

முதல் வருடமே கொழும்பிலிருந்து ஒரு குழு தோட்டங்களைப் பார்க்க வந்தது. காலை ஒன்பது மணிக்கு லயங்களுக்குப் போனார்கள். எல்லாக் கதவுகளும் பூட்டிக் கிடந்தன. "மக்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பினார்கள். அந்த அறிக்கையை டைப் செய்தவன் நான்தான். அதை நான் தமிழில் படித்துக் காட்டியதும் அக்கா தலையில் கைவைத்தார்.

"விடியக்காலையில இறப்பர் பால்வெட்டப் போன சனத்த ஒம்பது மணிக்கு வீட்டுல தேடுனா யாருங்க இருப்பாங்க? கோழிதான் இருக்கும்."

"அப்ப எப்ப போகவேணும், அக்கா?"

"மழை நாளுல போகணும். மழை பெஞ்சா மரம் வெட்ட ஏலாது. வெட்டலன்னா அன்னைக்கு வேலைக் கணக்குல பேரு இல்ல, சம்பளம் இல்ல. அன்னைக்குத்தான் எங்க சனம் வீட்டுல இருக்கும். பசியோட இருக்கும். அப்ப போய்ப் பாருங்க, ஆர்வம் தெரியும்."

அவர் அப்படித்தான் வேலை செய்தார். வானம் கறுத்தால் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கொழும்போ மழை நாளில் வாகனம் அனுப்பக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. வாகனம் சேறாகிவிடுமாம்.

இனி ஆற்று லயத்தின் கதை. அங்கே குடிதண்ணீர் எடுத்த ஓடையில்தான் இறப்பர் தொழிற்சாலையின் கழிவும் வந்து விழுந்தது. மேலே மலையில் நல்ல ஊற்று ஒன்று இருந்தது. அக்கா லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், கயிறு பிடித்து அளந்து, இத்தனை குழாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். குழாய்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றோடொன்றை இணைக்கும் சொக்கட்டுகளை அனுப்ப மறந்துவிட்டார்கள். சொக்கட்டுகள் இரத்தினபுரி இரும்புக்கடையில் கிடைத்தன. அக்கா வாங்க அனுமதி கேட்டுப் படிவம் தந்தார்.

அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தவன் நான். "நான் என்ன செய்யிறது அக்கா, கொழும்பில இருந்து கையெழுத்து வரவேணும்" என்றேன். பிறகு அதை மறுபடி வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று பிரதிகள் வேண்டும் என்று திரும்பி வந்தது. மூன்றாக அனுப்பினேன். பொறுப்பானவர் விடுமுறையில் என்று பதில் வந்தது. அதற்குள் ஒரு மழைக்காலமே வந்து போய்விட்டது. குழாய்கள் லயத்துக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்தன. ஆற்று லயத்தில் வயிற்றோட்டம் பரவியது. முத்துலெட்சுமி என்ற பால்வெட்டும் பெண்ணின் இரண்டு வயது மகளை அக்காதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியிலேயே அவர் தோளில் அந்தப் பிள்ளை அடங்கிவிட்டது.

மறுநாள் நனைந்த சேலையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் படிவத்தின் பிரதியை எடுத்து விரித்தார்.

"கிளாக்கரய்யா, இந்தப் பேப்பருல ஒரு கட்டம் கொறையுது. புள்ள செத்துப்போனா எங்க எழுதுறதுன்னு கட்டம் போடலையே."

அனுமதி அதற்குப் பிறகு வந்தது, குழாயும் பொருத்தினார்கள். முத்துலெட்சுமி அதில் ஒரு நாளும் தண்ணீர் பிடிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, கள அலுவலகங்களைப் பலப்படுத்தப் போகிறோம் என்று கொழும்பில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்களுக்குப் புதிய பெயர்ப்பலகை, இரண்டாவது டைப்ரைட்டர், இரும்பு அலுமாரி எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். இரத்தினபுரியிலிருந்து வந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று அவராகவே கேட்டார். அக்கா எழுந்தார். மொழிபெயர்க்க என்னையும் எழுப்பினார்கள்.

"தொரை, பலப்படுத்துறதுன்னா என்னான்னு எனக்குச் சொல்லுங்க. பலகை மாட்டுனா நாங்க பலமாயிருவோமா? ஆத்து லயத்துல ஒரு புள்ள எங்க ஆபீசு கண்ணு முன்னால செத்துச்சு. சாமான் கடையில இருந்திச்சு, வாங்குற மனுசங்க இருந்தோம், கையெழுத்துப் போடத்தான் ஆளில்ல. எங்களுக்கு அலுமாரி வேணாங்க. இரத்தினபுரியில ஒரு கையெழுத்துக் குடுங்க. தப்புப் பண்ணுனா எங்களக் கேளுங்க, வேலையில இருந்து தூக்குங்க. ஆனா எங்க சனத்தக் காக்க வைக்காதீங்க."

கொழும்புப் பணிப்பாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால்தான் எனக்கு அப்போது பதவி உயர்வு வரவிருந்தது. "இந்த அம்மா உங்கள் உதவிக்கு நன்றி சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள்.

திரும்பும் பஸ் அவிசாவளையைத் தாண்டியது. அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"நான் அவ்வளவு நேரம் பேசுனேன். நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க. இங்கிலீசு அம்புட்டுச் சுருக்கமான பாசையாங்க, கிளாக்கரய்யா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் எனக்குக் கித்துள் மரத்துக் கருப்பட்டி கொண்டுவந்து தருவதை அவர் நிறுத்தவில்லை. கொழும்பின் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் பெரிது. ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்ன என் நாக்கின் மேல் இருக்கும் ஆத்திரம் அதைவிடப் பெரிது. பதவி உயர்வு வந்தது. இன்று இந்த அலுவலகத்துக்கு நான்தான் பொறுப்பு. பெயர்ப்பலகையும் இருக்கிறது, அலுமாரியும் இருக்கிறது. கையெழுத்து மட்டும் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறது.

கண்டக்டர் தந்த காகிதத்தைச் செத்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் பிரித்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பத்துக்காம்பரா லயத்தில் குழாய் உடைந்து, சனம் மறுபடி ஓடைக்குப் போகிறது, வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது, மூன்று சொக்கட்டும் ஒரு நீளக் குழாயும் உடனே வேண்டும் என்று எழுதியிருந்தார். கீழே, "கொழும்புக்கு அனுப்புவீங்கன்னு தெரியும். இருந்தாலும் எழுதுறேன்" என்றிருந்தது.

நான் அனுப்பவில்லை. அந்தக் காகிதத்தின் அடியிலேயே "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இரும்புக்கடைக்கு ஆளனுப்பினேன். மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் வாகனத்திலேயே குழாய் போனது. வாகனம் நன்றாகச் சேறாகித் திரும்பியது. மறுநாள் பத்துக்காம்பரா லயத்தில் தண்ணீர் வந்தது.

எந்த அதிகாரத்தின் கீழ் இதைச் செய்தீர் என்று கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடிதம் மட்டும் எவ்வளவு விரைவாக வந்துவிட்டது, பாருங்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று நான் விழுங்கிவிட்ட அந்தப் பேச்சு. ஒரு சொல்லும் மறக்கவில்லை. நேற்று அதை முழுவதுமாக ஆங்கிலத்தில் டைப் செய்து, அவர்கள் கேள்விக்கு அதையே பதிலாக அனுப்பியிருக்கிறேன். பேசியவர் சிவகாமி, கள உத்தியோகத்தர். மொழிபெயர்ப்பும் கையெழுத்தும் என்னுடையவை. இடம், இரத்தினபுரி.