கிழநாய்க்கு இரண்டு வேலி

சண்டை போடத்தான் போனேன். அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி அப்போது பாதி டவுன்ஷிப், பாதி முந்திரித் தோப்பு. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி, தெருநாய்களைப் பிடித்து அடைத்துவைக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவர். அந்தக் குரைப்பில் எவன் தூங்குவான்? ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கொட்டகைக் காவல்காரர் உள்ளூர்க்காரர். நான் கத்தியதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நாயி கொலைக்காம என்னாம்மா பண்ணும், பாட்டா பாடும்?"

"அதோ, அது சும்மாதானே இருக்கு?" என்று கை காட்டினேன்.

மூலையில் ஒரு கிழநாய். செம்மண் நிறம். முகவாய் நரைத்து, ஒரு காது கிழிந்திருந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது சுரங்கத்துக்குக் காலி பண்ண ஊரு நாயிம்மா. சனங்க மூட்ட கட்டிக்கினு போயிட்டாங்க. இது மட்டும் இடிச்ச வூட்டு வாசல்லயே படுத்துக்கினு கெடந்துச்சு. கெழடு, யாரு கேக்கப் போறா? நாளைக்கு முடிச்சிடுவாங்க."

எனக்கு இருந்த கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஊரைத் தோண்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த ஊர் நாயைக் கொல்லவும் வேண்டுமா? "அவுத்து விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ஒரு தடவதாம்மா குடுப்போம். மறுபடி தெருவுல மாட்டிச்சின்னா, நீ அழுதாலும் கெடைக்காது."

"நான் எதுக்கு அழறேன்?"

வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்தார். "சத்தம் தாங்கலேன்னு போனவ, சத்தத்தையே கையோட கூட்டிட்டு வந்துட்டியா?"

சத்தமெல்லாம் இல்லை. தொல்லை வேறு விதமாக வந்தது. நாய் வீட்டுக்குள் வரவே வராது. கொல்லைக் கதவு வரை வரும், நிற்கும், திரும்பிப் போய் வெளியே சந்தில் படுத்துக்கொள்ளும். சோற்றைக் காட்டிக் கூப்பிட்டேன். வராது. இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. உள்ளே வந்ததற்கெல்லாம் சின்ன வயதிலேயே அடி வாங்கியிருக்கும். கட்டிப்போட்டேன். கழுத்து புண்ணாகிற அளவுக்கு இழுத்தது. அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். ஆனால் அந்தச் சந்து வழியாகத்தான் வாரம் ஒருமுறை காலையில் நாய்வண்டி வரும்.

சரி, கொல்லையைச் சுற்றி வேலி போட்டுவிடுவோம் என்று சவுக்குக் குச்சியும் தென்னங்கீற்றும் வாங்கி, கதவுக்கு நான்கடி தள்ளி நானே வேலி கட்டினேன். திறந்து மூட ஒரு கீற்றுப் படலும் வைத்தேன். ஏன் வேலி என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே இரண்டு வாழைக்கன்று. நாயை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினேன். அரைமணி நேரம் படலைப் பிறாண்டி ஊளையிட்டது. திறந்ததும் வெளியே போய், படலுக்கு நேரே சுருண்டு படுத்துவிட்டது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து சிரித்தார். "அதுக்கு வாசலுக்கு வெளிய படுக்கணும். நீ வாசலை நகத்துனா அதுவும் நகரும். நீ இப்படியே கட்டிக்கிட்டுப் போனா பண்ருட்டி வந்துரும்."

அவருக்குச் சிரிப்பு. மறுநாள் வண்டி வரும் நாள்.

விடிந்ததும் மிச்சக் குச்சிகளை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வேலியைத் தொடவில்லை. நாய் படுத்திருந்த இடத்தையே வளைத்து இரண்டாவது வேலி கட்டினேன். இதற்குப் படல் வைக்கவில்லை. வாசல் என்று எதைப் பார்த்தாலும் அது எழுந்து வெளியே போய்விடுமே. நான் குச்சி நட நட, ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடந்தது. கடைசிக் கீற்றைக் கட்டி முடித்தேன். எழவில்லை. அதன் வாசல் அதன் முன்னால் அப்படியே இருந்தது.

கட்டிய கை காய்வதற்குள் வண்டி வந்துவிட்டது. சுருக்குக் கயிறோடு ஓர் ஆள் இறங்கி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்னாம்மா, ஒரு வூட்டுக்கு ரெண்டு வேலி?"

"ஒண்ணு வாழைக்கு. ஒண்ணு நாய்க்கு."

"நாயி வாழையத் திங்குமா?"

"அது என் பாடு. நாய் தெருவுல இருக்கா, வேலிக்குள்ள இருக்கா? அதை மட்டும் பாரு."

பார்த்தான். "உள்ளதான் இருக்குது" என்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினான். இவ்வளவு பேச்சுக்கும் அந்தக் கிழம் தலையைத் தூக்கவில்லை.

அதன்பின் மூன்று வருஷம் அந்த இரண்டு வேலிக்கும் நடுவில் எங்களோடு இருந்தது. மழைக்காலத்தில் மேலே ஒரு தகரம் போட்டுக்கொடுத்தேன். அதற்கடியில், படலைப் பார்த்தபடி, நனையாமல் தூங்கும். உள்ளே வா என்று நான் பிறகு கூப்பிட்டதே இல்லை.